மாதிரிக்கு வைத்த படம்

செமாராங்
6 பிப்ரவரி 2019

அன்புள்ள அக்கா,

நீ போனில் கடைசியாகச் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "உன் குரலைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்குது. சொல்றதுக்கு ஏதாவது இருந்தா எழுதி அனுப்பு." நர்ஸிங் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு நான் இந்த நகரத்துக்கு ஓடிவந்த நாளிலிருந்து நாம் பேசியதெல்லாம் கத்தல்தான். பதினான்கு மாதமாக எழுத ஒன்றும் இல்லை. இன்றைக்கு இருக்கிறது.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஜூனியர் வெப் டெவலப்பர். முப்பத்தேழு இடத்துக்கு விண்ணப்பம் போட்டு, நான்கு இடத்தில் கூப்பிட்டு, மூன்று இடத்தில் "அனுபவம் எத்தனை வருஷம்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். "வேலை குடுத்தாத்தானே சார் அனுபவம் வரும்" என்று ஓர் இடத்தில் கேட்டேவிட்டேன். சிரித்தார்கள். அதோடு சரி.

நான்காவது இடம் டைல்ஸ் கடை மாடியில். ஏழு பேர் வேலை செய்கிறார்கள். இணையத்தில் பொருள் விற்பவர்களுக்கு விற்பனைப் பக்கம் செய்து கொடுப்பதும், அதை ஓட்டிக் கொடுப்பதும் தொழில். முதலாளி ஹெந்த்ரோ சார் என்னை ஒரு மேசையில் உட்காரவைத்து, ஒரு மூலிகைப் பொடிக்குச் சாயங்காலத்துக்குள் பக்கம் செய்யச் சொன்னார். வேண்டிய எழுத்தெல்லாம் கொடுத்தார். "வாங்கியவர்கள் சொல்வது" என்ற கட்டத்துக்கு மட்டும் ஒன்றும் இல்லை. காலிக் கட்டம் பார்க்கச் சகிக்காது. அந்த மாதிரி இடத்தில் எதையாவது போட்டு வைத்து, உண்மையானது வந்ததும் மாற்றிவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம்.

என் லேப்டாப்பில் இருந்த ஒரே நல்ல முகம் உன்னுடையது. வெள்ளைச் சீருடையில் சுகாதார நிலைய வாசலில் சிரிக்கிறாயே, நான் எடுத்த படம். அதைப் போட்டு, கீழே நானே எழுதினேன்: "பிரசவ நர்ஸ் லஸ்மினி, சும்பர்வாங்கி. முன்பு தினமும் மாத்திரை. இப்போது இந்தப் பொடி மட்டும்தான். ரத்த அழுத்தம் என்ற பேச்சே இல்லை." நீ எந்நேரமும் ரத்த அழுத்தம் பற்றித்தானே பேசுவாய், கைக்கு அதுதான் வந்தது.

ஹெந்த்ரோ சார் உன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாருப்பா இந்தம்மா? பாத்தா நம்பணும்போல இருக்கே" என்றார். எங்கள் அக்கா என்றேன். "திங்கக்கிழமை வந்துரு" என்றார். ஆக, வேலை வாங்கிக் கொடுத்தது உன் முகம்தான். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் ஆக்குவார்களாம்.

கோபம் கொஞ்சமாவது குறைந்ததா?

உன் தம்பி
தனாங்


சும்பர்வாங்கி
14 பிப்ரவரி 2019

தனாங்,

கடிதம் வந்தது. சந்தோஷம். இதை ஒருமுறைதான் எழுதுவேன், இரண்டாம் முறை எதிர்பார்க்காதே.

கல்லூரியில் உனக்கு இடம் வாங்க நான் யார் யார் வீட்டு வாசலில் நின்றேன் என்பதை இப்போது பேசப் போவதில்லை. பேசினால் இந்தத் தாள் போதாது.

அந்தப் படத்தை உடனே எடு. முகத்தைப் போட்டாய், பேரைப் போட்டாய், ஊரையும் போட்டாய். பாக்கி என்ன, வீட்டுச் சாவியா? பொடி விற்கிறவள் இல்லை நான். மாத்திரை வேண்டாம் என்று என் வாயால் சொல்லவைத்திருக்கிறாய். இங்கே ஒவ்வொருத்தியையும் மாத்திரை சாப்பிடவைக்க நான் படுகிற பாடு உனக்குத் தெரியாதா? மாதிரியோ என்ன எழவோ, எடுத்துவிட்டு "எடுத்தேன்" என்று ஒரு வரி எழுது. என் போனில் பேச மட்டும்தான் முடியும். போய்ப் பார்க்க எனக்கு வழியில்லை. உன் வார்த்தையைத்தான் நம்ப வேண்டும்.

உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தாளே மார்சி, உருளைக்கிழங்கு மூட்டையை உன்னைவிட வேகமாகத் தூக்குவாளே, அவளுக்கு ஆறாம் மாதம். யாந்தோவைத்தான் கட்டியிருக்கிறாள். ரத்த அழுத்தம் நூற்றைம்பதுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. டாக்டரிடம் அழைத்துப்போய் மாத்திரை எழுதி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். "நர்ஸம்மா, உங்க மெஷினைப் பாத்தாலே எனக்கு ஏறுது, அதைத் தூக்கிப் போடுங்க, தானா எறங்கிரும்" என்று சிரிக்கிறாள். உன்னைப் பற்றிக் கேட்டாள். கம்ப்யூட்டர் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னேன். "அவனுக்கா?" என்றாள்.

ஒழுங்காகச் சாப்பிடு. மூன்று வேளையும் பாக்கெட் நூடுல்ஸ் தின்னாதே.

லஸ்மினி


செமாராங்
3 மார்ச் 2019

அன்புள்ள அக்கா,

எடுத்துவிட்டேன். கவலையை விடு.

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் நிமிரும்போது இருட்டிவிடுகிறது. எனக்கு மேலே தெகார் என்று ஒருவர், ஐந்து வருட அனுபவம். நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, "இது ஓடுது, ஆனா ஏன் ஓடுதுன்னு உனக்கே தெரியாது, இல்ல?" என்று கேட்டார். உண்மைதான். நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார்.

இங்கே ஒரு வேடிக்கையான வேலை உண்டு. ஒரே பக்கத்தை இரண்டு விதமாகச் செய்து, பாதிப் பேருக்கு இதைக் காட்டுவார்கள், மீதிப் பேருக்கு அதை. எதில் அதிகம் பேர் வாங்குகிறார்களோ அது நிற்கும், மற்றது போகும். பொத்தான் பச்சையா சிவப்பா என்பதற்குக்கூட இப்படிப் போட்டி. இரண்டு வாரம் முன்னால் நான் செய்த பக்கம் ஜெயித்தது. ஹெந்த்ரோ சார் எல்லோர் முன்னிலையிலும் என் முதுகில் தட்டினார். முப்பத்தாறு இடத்தில் வேண்டாம் என்று சொன்ன முதுகு அக்கா இது.

மார்சியிடம் சொல், "அவனுக்குத்தான்" என்று.

நோன்புப் பெருநாளுக்கு வருகிறேன். நிரந்தரக் கடிதத்தோடு வருகிறேன்.

தனாங்


சும்பர்வாங்கி
15 ஏப்ரல் 2019

தனாங்,

வெள்ளிக்கிழமை மார்சி செத்துப்போனாள்.

எட்டாம் மாதம். காலையில் வயலுக்குப் போகவில்லை, தலைவலி என்று படுத்திருக்கிறாள். பத்து மணிக்கு வலிப்பு வந்தது. யாந்தோ ஓடிவந்து என்னைக் கூட்டிப் போனான். கிழங்கு ஏற்றும் வண்டியில்தான் கொண்டுபோனோம். மூடுபனி, வண்டி மெல்லத்தான் இறங்க முடிந்தது. வழியில் இன்னும் இரண்டு முறை வலிப்பு. ஆஸ்பத்திரியில் குழந்தையை எடுத்தார்கள். பெண். ஒன்றே முக்கால் கிலோ, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. தாயைக் காப்பாற்ற முடியவில்லை.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாத்திரை எத்தனை மிச்சம் என்று அலுவலகத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். கட்டிலுக்கு அடியில் ஒரு துணிப்பை இருந்தது. ஐந்து வாரமாக நான் கொடுத்த மாத்திரை அட்டை எதையும் பிரிக்கவில்லை. பக்கத்தில் ஒரு பொடி டப்பா, முக்கால்வாசி காலி.

மாமியார்க்காரி அழுதுகொண்டே சொன்னாள். "நீங்க சொல்லித்தானே நர்ஸம்மா குடிச்சா?" நான் எப்போது சொன்னேன் என்றேன். அவள் மகனின் போனை எடுத்துக் காட்டினாள். என் முகம். என் பேர். நம் ஊர்.

"அப்புறம் எதுக்கு நான் வாராவாரம் மாத்திரை குடுத்தேன்?" என்று கேட்டேன். அதற்கு அந்தப் பொம்பளை சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க கவர்மெண்டு சம்பளக்காரங்க, நேர்ல மாத்திரைதான் குடுத்தாகணும். போன்ல மனசுல உள்ளதைச் சொல்லியிருக்கீங்கன்னு நெனச்சோம். உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்னுதான் மார்சி உங்ககிட்ட மாத்திரையை வாங்கி வாங்கி வச்சுக்கிட்டா."

எனக்காகச் செய்திருக்கிறாள், தனாங். நான் மனம் நோகக் கூடாது என்று.

மார்ச் மூன்றாம் தேதி நீ எழுதிய கடிதம் இதோ முன்னால் இருக்கிறது. "எடுத்துவிட்டேன்." போனில் இருந்தது நீ எடுப்பதற்கு முன்னால் யாரோ பிடித்து வைத்த பழைய பக்கமா, இல்லை நீ எடுக்கவே இல்லையா?

யாரிடம் கேள்விப்பட்டாயோ, இரண்டு நாளாக நீ போன் அடித்துக்கொண்டே இருக்கிறாய். எடுக்க மாட்டேன். போனில் கேட்டால் சமாளிப்பாய். எழுத்தில் சொல். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்.

லஸ்மினி


செமாராங்
19 ஏப்ரல் 2019

அக்கா,

எடுக்கவே இல்லை.

கேட்டதற்கு மட்டும் பதில் என்றாய். ஆனாலும் எழுதுகிறேன், படிக்க முடியாவிட்டால் கிழித்துப் போடு.

உன் கடிதம் கிடைத்த அன்று ஹெந்த்ரோ சார் அறைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "உங்கக்காவைப் பாத்தியா? கோட்டு போட்ட டாக்டர் படத்தைத் தூக்கி அடிச்சுட்டாங்க. ரெண்டு மடங்கு" என்றார். இரண்டு விதப் பக்கம் என்று எழுதினேனே, அது நீயும் அந்தக் கோட்டுக்காரரும்தான். ஜெயித்தது நீ. என் முதுகில் தட்டியது அதற்குத்தான். அந்த நேரத்தில் என்னால் சொல்ல முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு வாரம் ஓடிவிட்டது. பிறகு உனக்கு எழுத உட்கார்ந்தேன். "எடுத்துவிட்டேன்" என்று எழுதிவிட்டால் மறுநாள் கட்டாயம் எடுத்துவிடுவேன் என்று நினைத்துத்தான் எழுதினேன். எழுதியதும் எடுத்துவிட்ட மாதிரியே இருந்தது.

நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு எடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. மூன்று வரி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆனால் போகவில்லை அக்கா. அந்தப் பொடியைக் கைமாற்றி விற்பவர்கள் பக்கத்தை அப்படியே நகல் எடுத்துத் தங்கள் பேரில் போட்டிருக்கிறார்கள். நாற்பத்தொரு இடத்தில் இருக்கிறாய். ஒவ்வொருவருக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். சிலர் எடுத்தார்கள். ஒருவன், "நல்லா ஓடுதே, ஏன் எடுக்கணும்?" என்று திருப்பிக் கேட்டான்.

மார்சிக்கு மூன்றாம் வகுப்பில் என் ரப்பரைக் கொடுக்காமல் அழவைத்திருக்கிறேன். நேற்றிலிருந்து அதுதான் நினைவுக்கு வருகிறது. வேறொன்றும் வரவில்லை.

வந்து அவர்கள் காலில் விழட்டுமா? சொல்.

தனாங்


சும்பர்வாங்கி
27 ஏப்ரல் 2019

தனாங்,

இப்போது வராதே. நீ வந்து அழுதால் உன்னை யார் தேற்றுவது என்று அவர்கள் யோசிக்க வேண்டிவரும். அந்த வேலையை அவர்களுக்குக் கொடுக்காதே.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கூப்பிட்டு மூன்று பேர் விசாரித்தார்கள். பொடிக் கம்பெனியிடம் எவ்வளவு வாங்கினாய் என்றுதான் முதல் கேள்வி. தம்பி மாதிரிக்குப் போட்டது என்றேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை நிலையத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

மார்சிக்கு ஏழு நாளும் ஓதினார்கள். ஏழாம் நாள் முடிந்ததும் வழக்கம்போல வீட்டுக்கு வீடு சோற்றுப் பெட்டி போனது. நம் வலப்பக்க வீட்டுக்குக் கொடுத்தார்கள், இடப்பக்க வீட்டுக்குக் கொடுத்தார்கள். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த ஊரில் பதினோரு வருடத்தில் நான் கையில் ஏந்தாத குழந்தை இல்லை. நம் வாசலைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

எனக்கு ஒன்று செய். ஒரு வாக்குமூலம் எழுது. முத்திரை வில்லை ஒட்டி, அதன்மேல் கையெழுத்துப் போட்டு, நீ யார், எங்கே வேலை செய்கிறாய், என்ன செய்தாய், எந்தத் தேதியில் செய்தாய் என்று எழுது. ஒன்று அலுவலகத்துக்கு. ஒன்று ஊர்த் தலைவருக்கு. நாற்பதாம் நாள் மார்சி வீட்டில் எல்லோரும் கூடும்போது அதை வாசிக்கச் சொல்லப் போகிறேன்.

உன் வேலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் கேட்கவில்லை.

லஸ்மினி


செமாராங்
6 மே 2019

அக்கா,

இரண்டு பிரதியும் இத்துடன் இருக்கிறது.

தாமதத்துக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். தெகார் அண்ணனிடம் காட்டினேன். "வில்லை ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன்னா கேஸ் நேரா உன் தலையில. மொதலாளி கழண்டுக்குவார். அப்புறம் இந்த ஊர்ல எவன் உனக்கு வேலை குடுப்பான்?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்கும் இரண்டு குழந்தைகள். ஹெந்த்ரோ சார் வேறு மாதிரி சொன்னார். "படத்துக்குச் சம்மதம் வாங்கியிருப்பேன்னு நெனச்சேன். நீதானே தம்பி? இதைப் பெருசாக்காம இரு. பதினொண்ணாம் தேதி உனக்கு நிரந்தரக் கடிதம் தயாரா இருக்கு." மேசை மேல் அந்தக் கடிதமும் இருந்தது, என் முழுப்பெயரோடு. எனக்கு அதைத் தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது. உன்னிடம் இனி எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருப்பதால் இதையும் எழுதுகிறேன்.

இன்னும் பதினேழு இடத்தில் படம் இருக்கிறது.

தனாங்


சும்பர்வாங்கி
10 மே 2019

தனாங்,

இரண்டையும் திருப்பி அனுப்புகிறேன். நான்காவது வரியில், "தவறுதலாக என் சகோதரியின் படம் பக்கத்தில் இருந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். தானாகவா இருந்தது?

பிப்ரவரியில் நீ செய்தது தவறு. அதை நான் எப்போதோ மன்னித்தாயிற்று. மார்ச்சில் செய்தது பொய். மார்சி மாத்திரையை நிறுத்தியதும் மார்ச்சில்தான். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு மறுபடி எழுது. எழுத முடியாவிட்டால் அனுப்பாதே, நான் வேறு வழி பார்த்துக்கொள்கிறேன்.

நாற்பதாம் நாள் இருபத்தொன்றாம் தேதி.

ல.


செமாராங்
15 மே 2019

அக்கா,

மறுபடி எழுதியிருக்கிறேன். நான்காவது வரி இப்போது இப்படி இருக்கிறது: "படத்தை எடுக்கச் சொல்லி என் சகோதரி எழுதினார். எடுத்துவிட்டதாக அவருக்குப் பொய் எழுதினேன். எடுத்தால் வேலை போய்விடும் என்று பயந்து, தெரிந்தே விட்டுவைத்தேன்." ஒரு பிரதியை ஹெந்த்ரோ சாருக்கும் கொடுத்தேன்.

இதை என் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். புதன்கிழமை, காலை பத்து மணி. தெகார் அண்ணன் என் மேசையில் இருந்த டம்ளரையும் சார்ஜரையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டு இடத்தில் படம் அப்படியே இருக்கிறது. யாருடையது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. எழுதினால் பதில் இல்லை. பொழுது இப்போது நிறைய இருக்கிறது, விடாமல் எழுதுவேன்.

பெருநாளுக்கு வீட்டுக்கு வரலாமா? உன் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். எல்லா வருடமும் பெருநாள் வழக்கப்படி கேட்டேன், என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டேன். இந்த வருடம் தெரியும்.

தனாங்


சும்பர்வாங்கி
24 மே 2019

தனாங்,

நாற்பதாம் நாள் முடிந்தது. நோன்பு திறந்து, ஓதி முடித்த பிறகு ஊர்த் தலைவர் எழுந்து உன் தாளை வாசித்தார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். நான்காவது வரியை இரண்டு முறை வாசித்தார், முதல்முறை தவறாகப் படித்துவிட்டோமோ என்று. யாந்தோ எழுந்து வெளியே போனான். மாமியார்தான் கேட்டாள்: "நம்ம தனாங்கா? எங்க மார்சி கூடக் கெழங்கு வயல்ல ஓடித் திரிஞ்சானே, அந்தத் தனாங்கா?" ஆமாம் என்றேன்.

சோற்றுப் பெட்டி எனக்கும் வந்தது. கோழி, சோயா தெம்பே, முட்டை எல்லாம் வைத்திருந்தார்கள். திறந்து பார்த்தேன், சாப்பிட முடியவில்லை. மறுநாள் காலை வரைக்கும் மேசையிலேயே இருந்தது.

குழந்தை இரண்டு கிலோ ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்துவிட்டது.

அலுவலகத்தில் என்மீது குற்றம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நேற்று சாவி திரும்பக் கிடைத்தது. காலையில் நிலையத்தைத் திறந்ததும் மேல்தெருப் பெண் ஒருத்தி வந்தாள், ஐந்தாம் மாதம். ரத்தம் ஊற இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு போகாமல் நின்றாள். என்ன என்றேன். குரலைத் தாழ்த்தி, "கோவிச்சுக்காதீங்க நர்ஸம்மா. இந்த மாத்திரையைப் பத்தி நீங்க போன்ல என்ன சொல்லியிருக்கீங்க?" என்று கேட்டாள்.

உன் தாளை வாசித்தபோது அவளும் அங்கே இருந்தாள். எல்லாம் கேட்டாள். கேட்டும் கேட்கிறாள். அவள் முன்னாலேயே ஒரு மாத்திரையை நான் விழுங்கிக் காட்டினேன். பிறகுதான் அவள் விழுங்கினாள். இனி ஒவ்வொருத்திக்கும் இப்படித்தான் செய்ய வேண்டுமோ என்னவோ.

அந்தப் படம் எடுத்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கல்லூரியில் உனக்கு இடம் கிடைத்த அன்று எடுத்தாய். "சிரிக்கா, சிரிக்கா" என்று பின்னாலேயே நடந்துபோய் வடிகாலில் விழப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் ஊரே நம்பியிருக்கிறது. எனக்கு இன்னும் உன்மேல் கோபம் இருக்கிறது, தனாங். கோபம் மட்டும் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

பெருநாளன்று வராதே. அன்றைக்கு எல்லோரும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பார்கள், எல்லோரும் எல்லோரையும் மன்னிப்பார்கள். அந்தக் கூட்டத்தோடு உன்னுடையதும் கலந்து போய்விடக் கூடாது. ஒரு வாரம் கழித்து, சாதாரண நாளில் வா. பகலில் வா, எல்லோரும் பார்க்கட்டும்.

வண்டியை விட்டு இறங்கியதும் இங்கே வராதே. முதலில் மார்சி வீடு. உட்காரச் சொன்னால் உட்கார். சொல்லாவிட்டால் நின்றுகொண்டே சொல். குழந்தையைக் காட்டினால் பார், காட்டாவிட்டால் கேட்காதே. அதற்கப்புறம் நம் வீட்டுக்கு வா.

நான் கதவைத் திறப்பேனா என்று இப்போது எழுதத் தெரியவில்லை. சோறு ஆக்கி வைத்திருப்பேன்.

அக்கா